தனி ஒருவருக்கான இரவு: கொரிய நகரங்களும் கடற்கரைகளும்

தென்கொரியாவின் சியோல், புசான் முதலிய பெருநகரங்களைப் பற்றி எழுதப்படும் பயணக் குறிப்புகள் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்கின்றன. அவை தூங்கா நகரங்கள் என்பது ஒன்று. அங்கே நள்ளிரவிலும் அச்சமின்றி நடமாடலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த இரவு யாருக்காக விழித்திருக்கிறது, அங்கே அச்சமின்றி நடப்பவர் யார் என்னும் கேள்விகளை அக்குறிப்புகள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. துணைக்கு ஆளின்றி, கொரிய மொழியும் அறியாமல், ஒரு முதுகுப்பையோடு வந்திறங்கும் பயணியின் இடத்திலிருந்து பார்த்தால் இவ்விரு கேள்விகளும் முதன்மை பெறுகின்றன. கொரியாவில் இரவும் கடற்கரையும் முதலில் அரசின் காவலில் இருந்தன. பின்னர் குழுக்களின் உரிமையாயின. தனி ஒருவருக்கு அவை இடம் தரத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அந்த இடமும் பெயர்பெற்ற கேளிக்கைக் கூடங்களில் கிடைத்ததைவிட, பேருந்து, ஆற்றோரப் பூங்கா, மணல்வெளி, ஒற்றைக் கிண்ணச் சோற்றுக்கடை போன்ற எளிய இடங்களில்தான் முழுமையாகக் கிடைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

இன்று விடியும்வரை விளக்கெரியும் தெருக்களைக் காண்பவர்கள், அந்நாட்டில் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள் இரவு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது என்பதை நம்ப மாட்டார்கள். 1945 செப்டம்பரில் அமெரிக்க ராணுவ நிர்வாகம் சியோலிலும் இன்ச்சோனிலும் கொண்டுவந்த இந்தக் கட்டுப்பாடு பிறகு நாடெங்கும் பரவி, நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை என்ற அளவில் நிலைபெற்றது. சங்கு ஒலித்த பின் தெருவில் அகப்பட்டவர்கள் காவல் நிலையத்தில் பொழுதைக் கழிக்க வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவும் ஆண்டின் கடைசி இரவும் மட்டும் விலக்குப் பெற்றிருந்ததால், அவ்விரு இரவுகளிலும் இளைஞர் கூட்டம் நகர மையங்களில் நிரம்பி வழிந்தது. ஜேஜு தீவுக்கு 1964-இலேயே விலக்குக் கிடைத்தது. 1981 செப்டம்பரில் சியோலுக்கு 1988 ஒலிம்பிக் போட்டிகள் ஒதுக்கப்பட்டதையடுத்து, அதிபர் சுன் டூ-ஹ்வானின் அரசு 1982 ஜனவரி 5 அன்று ஊரடங்கை நீக்கியது. எனினும் போர்நிறுத்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளும் கடலோரப் பகுதிகள் பலவும் அந்த நீக்கத்தில் சேர்க்கப்படவில்லை. நகரத்து இரவு திறந்த பிறகும் கடற்கரை இரவு மூடியே இருந்தது என்ற இந்தச் செய்தி, பின்னால் வரும் பலவற்றுக்குத் திறவுகோல்.

கடற்கரை மூடப்பட்டிருந்ததற்குக் காரணம் வட கொரியா. கிழக்குக் கடலோரமெங்கும் முள்வேலிகள் நின்றன. பொழுது சாய்ந்தபின் மணலில் நடப்பவர் ஊடுருவல்காரராக எண்ணப்படும் நிலை பல இடங்களில் இருந்தது. இந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. 1996 செப்டம்பர் 18 அன்று நள்ளிரவு கடந்து, கங்னுங் நகருக்கு அருகே கடலோரச் சாலையில் சென்ற டாக்சி ஓட்டுநர் ஒருவர், பாறைகளிடையே தரைதட்டிக் கிடந்த வட கொரிய நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டு தகவல் தந்தார். அதைத் தொடர்ந்து வாரக்கணக்கில் தேடுதல் வேட்டை நடந்தது. இரண்டாயிரத்துக்குப் பின்னர்தான் அந்த வேலிகள் பகுதி பகுதியாக அகற்றப்பட்டன. ஆகவே கொரியக் கடற்கரையில் ஒருவர் இரவில் தனியே உட்கார்ந்து அலையைப் பார்ப்பது என்பது, மெரினாவில் உட்காருவதைப் போலத் தொன்றுதொட்டு வந்த பழக்கம் அன்று. ஒரு தலைமுறைக்குள் கிடைத்த உரிமை அது.

ஊரடங்கு நீங்கியபின் இரவை எடுத்துக்கொண்டவை குழுக்கள், குறிப்பாக அலுவலகக் குழுக்கள். வேலை முடிந்தபின் மேலாளரும் ஊழியர்களும் சேர்ந்து உண்டு குடிக்கும் கூட்டத்துக்கு ஹ்வேசிக் என்று பெயர். சேர்ந்து உண்ணுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். அது ஓரிடத்தில் முடிவதில்லை. முதல் சுற்று இறைச்சிக் கடையிலும், இரண்டாம் சுற்று பியர்க் கடையிலும், மூன்றாம் சுற்று நொரேபாங் எனப்படும் பாட்டறையிலும் நடக்கும். இச்சுற்றுகளை இல்ச்சா, இச்சா, சம்ச்சா என்று எண்ணிட்டே கொரியர்கள் அழைக்கிறார்கள். இத்தகைய இரவின் இலக்கணம் முழுவதும் பன்மையில் அமைந்தது. கரி அடுப்பில் சுடும் இறைச்சியைக் குறைந்தது இரண்டு பேருக்கான அளவில்தான் பல கடைகள் தருகின்றன. சோஜு என்னும் தெளிந்த சாராயம் 360 மில்லிலிட்டர் புட்டியில் வருகிறது. அதை ஒருவர் மற்றவருக்கு ஊற்ற வேண்டுமே தவிர, தனக்குத்தானே ஊற்றிக்கொள்வது, அதாவது ஜாஜாக், விரும்பத்தகாத செயலாகக் கருதப்பட்டது. மூத்தவர் ஊற்றும்போது கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, முகத்தை ஒருபுறம் திருப்பிக் குடிப்பது மரியாதை. திருப்பிக்கொள்ள எதிரே மூத்தவர் எவரும் இல்லாத ஒற்றையாள் இந்தச் சடங்கில் எங்கும் பொருந்துவதில்லை. எத்தனை பேர் என்று கடைக்காரர் வாசலிலேயே கேட்க, ஒரு விரலைக் காட்டும் பயணிக்கு இடமில்லை என்ற விடை கிடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெறுப்பு அன்று. மேசையின் கணக்கே நான்கு பேருக்குப் போடப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கை மாற்றியது சுற்றுலாத் துறை அன்று, கொரியக் குடும்பத்தில் நேர்ந்த மாற்றம். 2000-ஆம் ஆண்டில் மொத்தக் குடும்பங்களில் 15.5 விழுக்காடாக இருந்த ஒருநபர்க் குடும்பங்கள் 2023-இல் 35.5 விழுக்காட்டை எட்டின. மூன்றில் ஒரு வீட்டில் ஒருவரே வாழும் நாட்டில், இருவருக்குக் குறைந்து விற்க மாட்டோம் என்று கடைகள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருக்க இயலாது. தனியே உண்பதற்கு ஹோன்பாப், தனியே குடிப்பதற்கு ஹோன்சுல் என்ற சொற்கள் வழக்கில் வந்தன. தனியே என்று பொருள்படும் ஹோன்ஜா என்ற சொல்லின் முதலசை இவற்றுக்கு முன்னொட்டு. 2016-இல் தனியே குடிப்போரை மையமாக வைத்தே ஒரு தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்குப் பிறர் தரும் விருந்துக்கு வரம்பு விதித்தது. 2018 ஜூலையில் வந்த வாரம் 52 மணி நேர வேலைச் சட்டம் அலுவலக இரவுகளைச் சுருக்கியது. பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் 2022 ஏப்ரலில் நீங்கியபோது, பழைய வேகத்தோடு ஹ்வேசிக்குக்குத் திரும்ப இளைய ஊழியர்கள் பலர் விரும்பவில்லை. 2024 மே மாதம் விதி திருத்தப்பட்டு, சாராய வகைகளைப் புட்டியாக அன்றிக் கிண்ணக் கணக்கில் விற்பதற்கும் கடைகளுக்குத் தெளிவான அனுமதி கிடைத்தது. சிறிய திருத்தம்தான், ஆயினும் ஒரு புட்டி என்பது குறைந்தது இருவருக்கு என்று நெடுங்காலம் கொள்ளப்பட்ட நாட்டில், ஒரு கிண்ணம் என்பது ஒருவருக்கான அளவு.

இந்த மாற்றத்தை அருகிலிருந்து காட்டும் இடம் காசு போட்டுப் பாடும் அறை. நொரேபாங் 1991-இல் புசானில் தொடங்கியது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்படும் வரலாறு. அக்காலத்துப் பாட்டறைகள் சோபாக்களும் தாளக் கருவிகளும் கொண்ட குழு அறைகளாக, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்பட்டன. இன்று பல்கலைக்கழகத் தெருக்களில் பெருகியிருக்கும் காயின் நொரேபாங் அதன் எதிர்முனை. பொதுத் தொலைபேசிக் கூண்டைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் கதவு அறை, ஒன்றிரண்டு முக்காலிகள், ஒரு திரை, மைக்கின் தலையில் மாட்டிக்கொள்ள மெல்லிய துணி உறை, ஆயிரம் வொன் தாளை உள்ளிழுக்கும் ஒரு பொறி ஆகியவை மட்டுமே அங்கே உண்டு. தாள் உள்ளே போனதும் சில பாட்டுகளுக்கான கணக்குத் திரையில் தோன்றுகிறது. பாடி முடித்ததும் இயந்திரம் மதிப்பெண் இடுகிறது. பல கடைகளில் கல்லாவில் ஆளே இருப்பதில்லை. அடுத்த கூண்டில் யாரோ உச்சத்தில் பாடுவது சுவர் வழியே மங்கலாகக் கேட்கும். துணையில்லாதவரையும் மொழி தெரியாதவரையும் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் கேளிக்கை இதற்கு நிகராகக் கொரிய இரவில் வேறொன்று இல்லை எனலாம்.

சியோலின் இரவுப் பகுதிகள் ஒவ்வொன்றும் தனியாளை ஒவ்வொரு விதமாக நடத்துகின்றன. ஹோங்டே என்பது ஹோங்கிக் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். அதன் கலைக் கல்லூரியைச் சுற்றி 1990-களில் எழுந்த சிறு இசைக் கூடங்களிலிருந்துதான் கொரியத் தனிநிலை ராக் இசை புறப்பட்டது. 1994-இல் தொடங்கிய டிரக் என்னும் கூடமும் அங்கே வளர்ந்த கிரையிங் நட் இசைக்குழுவும் அதன் முதற்சான்றுகள். இன்று அங்கே தெருவோரம் பாடியும் ஆடியும் காட்டும் இளைஞர்களைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் யார் தனி, யார் குழு என்று தெரிவதே இல்லை. உல்ஜிரோவில் அச்சகங்களும் இரும்புப் பட்டறைகளும் மாலையில் கதவடைத்தபின், சந்துகளில் மடக்கு மேசைகள் விரிக்கப்படுகின்றன. உலர்த்திய சிறு மீனைச் சுட்டுக் கடித்தபடி குளிர்ந்த பியர் குடிக்கும் இப்பழக்கம் பட்டறைத் தொழிலாளர்களிடமிருந்து வந்தது. இச்சந்தில் 1980 முதல் இருந்த முன்னோடிக் கடை 2022 ஏப்ரலில் வலுக்கட்டாயமாகக் காலி செய்யப்பட்டது வருந்தத்தக்கது. தொழிலாளி ஒருவர் வேலை முடிந்து தனியே வந்து ஒரு குவளை குடித்துப் போகும் எளிமையைத் தெருவின் புகழே விழுங்கத் தொடங்கியதற்கு அது அடையாளம். கங்னம் பகுதியின் பெரிய கிளப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மேசைக்குப் பெருந்தொகை, வாசலில் உடையும் வயதும் பார்த்து ஆள் பிரித்தல், முப்பது கடந்தவரைத் திருப்பி அனுப்புதல் ஆகியவை அங்கே இயல்பு. தனிப் பயணிக்கு அவை பொருட்செலவுக்கு ஈடான எதையும் தருவதில்லை.

இதேவோன் வேறு வகைப்பட்டது. யோங்சானில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தை ஒட்டி வளர்ந்து, பள்ளிவாசலும் பல நாட்டு உணவகங்களும் ஒருபாலீர்ப்பினருக்கான மதுக்கூடங்களும் அருகருகே அமைந்த இப்பகுதி, கொரியக் குழு இரவில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடமாக இருந்துவந்தது. 2022 அக்டோபர் 29 அன்று ஹாலோவீன் கொண்டாட்டத்துக்குத் திரண்ட கூட்டம், மிகக் குறுகிய இடத்தில் மூன்று மீட்டர் சொச்சமே அகலமுள்ள ஒரு சரிவுச் சந்தில் நெருக்குண்டதில் 159 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். 26 பேர் வெளிநாட்டினர். மாலை ஆறரை மணி முதலே நெரிசலைப் பற்றிக் காவல்துறைக்கு அழைப்புகள் வந்திருந்தன. நிகழ்ச்சிக்கு அமைப்பாளர் என்று எவரும் இல்லாததால் பாதுகாப்புத் திட்டம் வகுக்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை என்று அதிகாரிகள் தொடக்கத்தில் சொன்ன விளக்கம் நாட்டையே கொதிப்படையச் செய்தது. தத்தம் விருப்பத்தால் தனித்தனியே வந்து கூடியவர்களுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதுதான் அந்த விளக்கத்தின் உட்பொருள். பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, அமைப்பாளர் இல்லாத கூட்டங்களுக்கு உள்ளாட்சி நிர்வாகமே பொறுப்பு என்றானது. தனி ஒருவர் இரவில் வெளியே வருவது அரசு பொறுப்பேற்க வேண்டிய செயல் என்பதைக் கொரியச் சட்டம் ஏற்றுக்கொண்ட தருணம் அது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

கூடங்களைவிட்டு வெளியே வந்தால், தனிப் பயணியை உண்மையில் தாங்கி நிற்பவை பொது வசதிகள் என்பது புலப்படும். சியோல் மெட்ரோ நள்ளிரவை ஒட்டி நின்று, காலை ஐந்தரை மணியளவில் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. இடைப்பட்ட நேரத்துக்கு டாக்சிதான் வழி என்றிருந்த நிலையில், இரவுக்கான கூடுதல் கட்டணமும் சேர்வதால், நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் செலவைத் தனியாள் ஒருவரே சுமக்க வேண்டியிருந்தது. 2013-இல் சியோல் மாநகராட்சி ஒல்பேமி பேருந்துகளைத் தொடங்கியது. ஒல்பேமி என்றால் ஆந்தை. வழித்தடங்களை முடிவு செய்ய, நள்ளிரவுக்குப் பின் எந்த இடங்களிலிருந்து மக்கள் கைப்பேசியில் பேசுகிறார்கள், அவர்களின் வீடுகள் எத்திசையில் உள்ளன என்பதை ஏறத்தாழ 300 கோடி அழைப்புப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். கடை மூடிச் செல்லும் பணிப்பெண்ணும் நகரைச் சுற்றும் வெளியூர்ப் பயணியும் ஒரே கட்டணத்தில் ஒரே பேருந்தில் வீடு திரும்ப முடிகிறது. ஹான் ஆற்றங்கரைப் பூங்காக்களில், கடையில் வாங்கிய ராம்யோன் என்னும் உடனடி நூடுல்ஸை அங்கேயுள்ள பொறியில் வேகவைத்து, அலுமினியத் தாள் கிண்ணத்தோடு புல்லில் உட்கார்ந்து உண்ண எவருடைய துணையும் வேண்டியதில்லை. ஒரு தடை மட்டும் உண்டு: நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, நுட்பமான நிலப்படத் தரவுகளை வெளிநாட்டுக்குக் கொடுக்கக் கொரிய அரசு 2007-இலும் 2016-இலும் மறுத்ததால், பயணிகள் பழகிய கூகுள் வரைபடம் அங்கே நடைவழி காட்டத் திணறிவந்தது; எனவே உள்நாட்டு நேவர், ககாவ் வரைபடங்களைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வது நல்லது.

தங்கும் அறை எடுக்காதவருக்கும் கூரை உண்டு. ஜிம்ஜில்பாங் என்பது குளியலறைகளும் வெப்ப அறைகளும் பொது உறங்குகூடமும் சேர்ந்த, பெரும்பாலும் இரவு முழுதும் திறந்திருந்த நிலையம். வாசலில் செருப்பை அடைத்துவிட்டுக் காசு கொடுத்தால், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஒரு அரைக்கால் சட்டையும் மேல்சட்டையும், கையில் கட்டிக்கொள்ளும் சாவியும் தருவார்கள். ஆண், பெண் இருபாலருக்கும் குளியல் தனித்தனி; குளித்தபின் சூடேற்றிய தரையில் ஒரு பாயை விரித்து, யாரும் யாரையும் யார் என்று கேட்காமல் படுத்துக்கொள்ளலாம். பழுப்பு நிறத்தில் வெந்த முட்டையும், சிக்கே என்னும் இனிப்பு அரிசிப் பானமும் அங்கே வழக்கமான தின்பண்டங்கள். பெருந்தொற்றுக்குப் பின் இத்தகைய நிலையங்கள் பல மூடப்பட்டதும், இரவில் தங்க விடாதவை பெருகியதும் தனிப் பயணிக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

சியோலிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள புசான், இக்கட்டுரையின் கேள்விக்குச் சியோலைவிடத் தெளிவான விடையைத் தருகிறது. அங்கே இரவும் கடலும் ஒரே மெட்ரோ டிக்கெட்டில் கிடைக்கின்றன. மேலும், தனி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் கடற்கரை அங்கேதான் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் சில்லா நாட்டில் வாழ்ந்த அறிஞர் சோய் சி-வோன், சீனாவில் கற்றுப் பணியாற்றித் தாயகம் திரும்பியபின், அரசியலில் மனம் கசந்து பதவி துறந்து நாடெங்கும் அலைந்தவர். அவர் இவ்விடத்தின் அழகில் தோய்ந்து தம் புனைபெயரான ஹேயுன் என்பதைப் பாறையில் பொறித்தார் என்பது மரபுச் செய்தி. கடல்மேகம் என்பது அதன் பொருள். ஹேயுண்டே என்னும் பெயர் அதிலிருந்து வந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மணல்வெளியின் ஓரத்தில் இன்று 101 மாடி, 411 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. 2008 கோடையில் அங்கே ஒரே நாளில் 7,937 குடைகள் விரிக்கப்பட்டுக் கின்னஸ் பதிவாயிற்று. தனியனின் பெயர் கொண்ட கரை, கூட்டத்தின் சின்னமாக மாறிய கதை அது. ஆனால் இரவு பத்து மணிக்குமேல் குடைகள் மடக்கப்பட்டபின், சோய் சி-வோனின் கடற்கரை மீண்டும் தலைகாட்டுகிறது. நீரைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் எண்ணாமல் அமர்ந்திருப்பதற்கு முல்மோங் என்று கொரிய இளைஞர்கள் ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். மணலை ஒட்டிய படிகளில் கைக்கெட்டும் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அமர்ந்திருப்பவர்களைக் கண்டால் அச்சொல் விளங்கும்.

புசானின் மற்றக் கரைகளும் தத்தம் குணம் உடையவை. சோங்டோ 1913-இல் ஜப்பானியக் குடியேறிகளால் அமைக்கப்பட்ட, கொரியாவின் முதல் பொதுக் குளியல் கடற்கரை. சோங்ஜாங்கில் அலைச்சறுக்குப் பலகைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. 2013-இல் கைவிடப்பட்ட பழைய ரயில் பாதை அதை ஹேயுண்டேயோடு கடலோரமாக இணைக்கிறது. நக்டோங் ஆறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகிலுள்ள தாதேபோ சூரியன் மறைவதைக் காண உகந்தது. எனினும் இரவுக்கென்றே பிறந்தது குவாங்கல்லிதான். 2003 முதல் போக்குவரத்துக்குத் திறந்திருக்கும் 7.4 கிலோமீட்டர் நீளமுள்ள குவாங்கன் பாலத்தின் விளக்குகள் விரிகுடாவின் குறுக்கே ஒளிர, 2022 ஏப்ரல் முதல் சனிக்கிழமைதோறும் நூற்றுக்கணக்கான டிரோன்கள் வானில் உருவங்கள் வரைகின்றன. கட்டணம் இல்லை, இருக்கை எண் இல்லை. இதே விரிகுடாவின் ஓரத்திலுள்ள மில்லாக் நீர்முகப் பூங்காவில் பாய் விரித்து, பக்கத்துச் சந்தையில் வாங்கிய பச்சை மீன் துண்டுகளோடு சோஜு குடிக்கும் வழக்கம் பல்லாண்டுகள் இருந்தது. குப்பையும் கூச்சலும் மிகவே, 2023 ஜூலை 1 முதல் உள்ளாட்சி நிர்வாகம் அங்கே குடிப்பதைத் தடை செய்தது. அருகிலிருந்த வணிகர்கள் வருமானம் சரிந்ததாகக் குறைகூறினர். குடியிருப்போர் நிம்மதி அடைந்தனர். தனியே வந்து கடலை நோக்கி அமர்பவர்களின் கோணத்திலிருந்து பார்த்தால் தடை சரியே. குடிக் கூட்டத்தின் நடுவே, அதிலும் பெண்ணாக இருந்தால், ஒற்றையாள் நெடுநேரம் அமர்ந்திருக்க முடியாது.

புசானில் ஒற்றையாளைக் காக்கும் உணவு த்வேஜி குக்பாப், அதாவது பன்றியெலும்பு ரசத்தில் இட்ட சோறு. கொரியப் போரின்போது, 1950 முதல் 1953 வரை பெரும்பாலான காலம் தற்காலிகத் தலைநகராக இருந்த புசானில் அகதிகள் குவிந்த நாட்களில் இந்த உணவு பரவியது என்பர். கொதிக்கும் கருமண் சட்டியில் வெண்மையான ரசம், அடியில் சோறு, மேலே இறைச்சித் துண்டுகள். கூடவே ஒரு தட்டில் காரப்பொடி தூவிய பூண்டுத்தழை, உப்பிட்ட பொடி இறால், பச்சை மிளகாய், வெங்காயம். உண்பவரே இறாலை அளவாகச் சேர்த்து உப்பைத் திருத்திக்கொண்டு, தழையை அள்ளிப் போட்டுக் கிளறி உண்பார். இரண்டு பேருக்குக் குறையாமல் என்ற பேச்சே இங்கு எழுவதில்லை. பிறவியிலேயே இது ஒருவருக்கான சட்டி. பல கடைகள் இரவு முழுதும் திறந்திருக்கின்றன. சைவ உணவினருக்கு மட்டும் இந்நகரம் கடினமானது, ஏனெனில் கீரைக் கறியிலும் கிம்ச்சியிலும்கூட மீன் சாறோ இறாலோ கலந்திருப்பதே வழக்கம்.

கிழக்குக் கடலோரத்தில், முன்னர் குறிப்பிட்ட முள்வேலிகள் இருந்த இடங்களே இன்றைய இரவுக் கடற்கரைகளாக மாறியிருக்கின்றன. யாங்யாங் மாவட்டத்தில், பல்லாண்டுகள் ராணுவக் கட்டுப்பாட்டில் பூட்டிக் கிடந்த ஹாஜோதே அருகிலுள்ள மணல்வெளி 2015-இல் அலைச்சறுக்குக் கடற்கரையாகத் திறக்கப்பட்டது. 2017 ஜூன் இறுதியில் சியோல்–யாங்யாங் விரைவுச்சாலை முழுமையடைந்ததும், தலைநகர இளைஞர்களுக்கு அது இரண்டு மணி நேரத் தொலைவாயிற்று. அலைச்சறுக்கு தன்னளவில் ஒருவர் ஒரு பலகையோடு ஆடும் விளையாட்டு. எனவே அங்கே தனியே வருவோரை யாரும் வியந்து பார்ப்பதில்லை. நீராடல் மட்டும் இன்னும் கட்டுக்குள்தான் உள்ளது. கோடைப் பருவம் அறிவிக்கப்பட்ட நாட்களில், உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கும் பகல் நேரத்தில், மிதவைக் கயிறு கட்டிய எல்லைக்குள் மட்டுமே இறங்கலாம். மாலையில் விசில் ஊதி வெளியேற்றி விடுவார்கள். ஆகஸ்டு இறுதியோடு பெரும்பாலான கரைகளில் பருவம் முடிந்துவிடுகிறது. கட்டுப்பாடு மிகை என்று பயணிகள் சலித்துக்கொண்டாலும், கரையிலிருந்து கடலுக்குள் ஆளை இழுத்துச் செல்லும் மறிநீரோட்டங்கள் ஹேயுண்டேயில் அடிக்கடி தோன்றுவதால், பார்க்கத் துணையில்லாத தனியாள் இவ்விதியை மீறவே கூடாது. மேற்குக் கடற்கரையில் நீரேற்ற இறக்கம் பல மீட்டர் அளவுக்கு மிகுந்து சேறு விரிவதால், 1998 முதல் நடைபெறும் போர்யோங் சேற்றுத் திருவிழாவைத் தவிர அங்கே இரவுப் பயணிக்குப் பெரிய ஈர்ப்பில்லை.

இனிப் பாதுகாப்பு. மேசையில் கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்துபோனாலும் அது அங்கேயே இருக்கும் என்ற புகழுரை உண்மைக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் திருட்டு இல்லாமை வேறு, உடலுக்குத் தீங்கு நேராமை வேறு. 2016 மே 17 அதிகாலையில் கங்னம் ரயில் நிலையம் அருகே இருந்த பொதுக் கழிப்பறையில் முன்பின் அறியாத ஆடவரால் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது, நிலையத்தின் பத்தாம் வாயிலில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒட்டுத்தாள்களில் தங்கள் அச்சத்தையும் சினத்தையும் எழுதி ஒட்டினர். கழிப்பறைகளிலும் விடுதிகளிலும் ஒளித்துவைக்கப்படும் திருட்டுக் கேமராக்களை எதிர்த்து 2018-இல் சியோலில் பல்லாயிரம் பெண்கள் திரண்டனர். அதே ஆண்டு பிப்ரவரியில் ஜேஜுவின் ஒரு விருந்தினர் விடுதியில் தனியே தங்கியிருந்த பெண் பயணி கொலையுண்டார். தனிப் பயணத்தின் தீவு என்று பெயர் பெற்ற இடம் ஜேஜு. 2007-இல் பத்திரிகையாளர் சோ மியோங்-சுக் தொடங்கிய ஒல்லே நடைபாதைகள் எண்ணற்ற பெண்களைத் தனியே நடக்கத் துணிய வைத்தவை. தீங்கு நேர்ந்தபோதெல்லாம் தனியே போனது ஏன் என்ற கேள்வி இறந்தவரை நோக்கியே எழுந்தது. அக்கேள்வி தவறானது. தனியே போவது குற்றமாகாத ஊரைத்தான் பாதுகாப்பான ஊர் என்று சொல்ல இயலும். 1330 என்ற சுற்றுலா உதவி எண் பல மொழிகளில் இரவிலும் இயங்குகிறது என்பதைப் பயணிகள் குறித்துக்கொள்ள வேண்டும், காவல்துறைக்கு 112.

தமிழ்ப் பயணியைத் தொடும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் தாய் ஆலை உல்சானில் இருக்கிறது. உல்சானிலிருந்து புசானின் கடற்கரைகளுக்குப் புறநகர் ரயிலிலேயே போய்விடலாம். ஆகவே அந்த இரவுகளுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு தொலைக்காட்சித் தொடர்களோடு நிற்பதன்று. ஆயினும் 2017 ஜூனில் இதேவோனில் ஒரு மதுக்கூடத்தின் வாசலில், இந்தியர் என்பதற்காகவே ஒரு மாணவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவரோடு சேர்த்து வேறு சில நாட்டவரின் பெயர்களையும் வாசற்காவலர் அடுக்கிச் சொன்னது காணொளியாகப் பரவிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்த வாசற்காவலர் செய்தது அறக்கேடு என்பதில் கொரியர்கள் பலருக்கும் ஐயமில்லை. ஆனால் அதைக் குற்றம் என்று சொல்லத் தெளிவான சட்டம் இல்லை. 2001-இல் அமைந்த தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரை செய்யலாம், தண்டிக்க இயலாது. நிறம், நாடு, பாலினம் முதலிய எதன் பொருட்டும் ஒருவரை விலக்குவதைத் தடுக்கும் பொதுச் சட்டத்துக்கான மசோதா 2007-இல் முதன்முறையாகக் கொண்டுவரப்பட்டது. அதன் பின் பலமுறை வெவ்வேறு வடிவில் வந்தது. கொரிய நாடாளுமன்றம் அதை இன்னும் நிறைவேற்றவில்லை. குவாங்கல்லியின் மணலிலும் ஒல்பேமி பேருந்திலும் குக்பாப் கடையிலும் ஏற்கெனவே கிடைத்துவிட்ட இடம், கதவு வைத்த கூடங்களில் தனிப் பயணிக்குக் கிடைப்பது அந்த மசோதா நிறைவேறுவதைப் பொறுத்தே இருக்கிறது.